படகில் ஓட்டை போட்ட ஔதக்குட்டி

வீட்டுச் சுவரில் கன்னம் வைப்பவனைத் திருடன் என்கிறோம். படகின் பலகையில் ஓட்டை போடுகிறவனை என்னவென்று சொல்வது? வேம்பநாட்டுக் காயலோரம் இருக்கும் எங்கள் புன்னமடைத் துறையில் அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது. ஔதக்குட்டி.

அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர்களில் முதல் ஆள் நான் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். நான் விஜயப்பன். குரியச்சன் முதலாளியின் ‘மரியா ராணி’ என்ற படகு வீட்டில் கழி ஊன்றுகிறவன், கயிறு கட்டுகிறவன், விருந்தாளிகளின் பெட்டி தூக்குகிறவன். சுக்கான் பிடிப்பதும் எஞ்சின் பார்ப்பதும் ஔதக்குட்டி. சமையல் அவன் பெண்டாட்டி ஏலியாம்மா. படகில் வேலையாட்கள் என்று நாங்கள் மூன்று பேர்தான்.

ஔதக்குட்டியும் நானும் ஒரே வயது. அவன் ஒல்லி, மூக்கு மட்டும் நீளம். அந்த மூக்கைத்தான் நாங்கள் முதலில் கேலி செய்தோம். தினமும் காலையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன் அவன் தரைப்பலகையைத் தூக்கி, உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பான். டீசல் வாசனை வருகிறதா, எரிவாயு கசிந்து கீழே இறங்கி நிற்கிறதா, எண்ணெய் துடைத்த துணியை எவனாவது உள்ளே போட்டிருக்கிறானா என்று பத்து நிமிடம் தடவுவான். மீன் கடை வாசலில் நிற்கும் பூனைகூட அவ்வளவு நேரம் மோந்து பார்க்காது. அதற்குள் மற்ற படகுகளெல்லாம் காயல் நடுவுக்குப் போய்விடும்.

“உள்ள என்னடா ஔதா, பிள்ள பொறந்திருக்கா? இப்படி எட்டி எட்டிப் பாக்குற,” என்பேன்.

“நீ சிரி. வாயத் தொறந்து சிரிக்கிறவன் வாயிலதான் புகை முதல்ல போகும்,” என்பான்.

அவன் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு சின்ன இழுவைப் படகில் எஞ்சின் ஆளாக இருந்தவன். திரும்பி வந்தபோது பெட்டி பிரிக்கும் வைபவத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கூடினார்கள். அத்தர் வரும், டார்ச் வரும், பூப்போட்ட கம்பளி வரும் என்று எல்லோருக்கும் ஆசை. ஏலியாம்மா பெட்டியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து உதறினாள். ஒரு ஆள் நீளம்கூட இல்லை. சாக்கு மாதிரி சொரசொரவென்று வெள்ளையாக இருந்தது.

“இது என்ன போர்வை மனுஷா? போத்தினா சொறிதான் வரும் போல.”

“அது மேல போத்த இல்ல. எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா அதுமேல போத்தணும்,” என்றான் ஔதக்குட்டி.

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கலைந்து போனார்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஏலியாம்மா அழவில்லை. அழுகிற ரகம் இல்லை அவள். சிரித்துத் தீர்த்துக்கொள்கிற ரகம். அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் ஔதக்குட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஔதக்குட்டிக்கு ஒரு பிரசங்கம் உண்டு. சாப்பிடும்போது, துறையில் காத்திருக்கும்போது, கல்யாண வீட்டில்கூட அதை எடுத்துவிடுவான். வளைகுடாவில் அவன் படகுக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு படகில் எஞ்சின் அறையிலிருந்து புகை வந்ததாம். மூன்று பேர் ஓடிப்போய், என்ன என்று பார்க்கலாமென்று மூடியைத் திறந்தார்களாம். உள்ளே காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்த தீ, மூடி திறந்ததும் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்ததாம். மூன்று பேரையும் ஔதக்குட்டிதான் வேறு ஆட்களோடு சேர்ந்து தூக்கினான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தணியும். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்குவான்.

“ஒண்ணு, தொறக்காத. மூடி வச்ச தீ மூச்சு முட்டிச் சாகும். ரெண்டு, எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தாத. எண்ணெய் மிதக்கும், தீயும் கூடவே மிதந்து ஊர்கோலம் போகும். மூணு, கரையப் பாக்காத, காத்தப் பாரு. தீ எந்தப் பக்கம் போகணும்னு காத்துதான் சொல்லும், படக அதுக்குத் தக்கபடி திருப்பு.”

இந்த மூன்றையும் ஏலியாம்மா நாடகமாக்கிவிட்டாள். மாலையில் படகுகள் துறைக்குத் திரும்பியதும் சமையல்காரப் பெண்கள் பாத்திரம் தேய்க்க ஒன்றுகூடுவார்கள். அங்கே அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கை விரலால் இழுத்து நீட்டிக்கொண்டு, பலகையை மோந்து பார்ப்பாள். பிறகு கரண்டியைத் தீயணைப்புக் குழாய் மாதிரி பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் இழுக்கிற இழுப்பில் “ஒண்ணூ... தொறக்காதே!” என்று ஆரம்பிப்பாள். தீயணைப்பு உருளையின் ஆணியை இழுக்கும் விதம், குழாயைப் பிடிக்கும் விதம், குனிந்து தரையோடு தரையாய்ப் படுக்கும் விதம், ஒன்றும் பாக்கி இருக்காது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருமுறை ஔதக்குட்டியே தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டான். அப்படியே திரும்பிப் போனான். அன்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் மறந்துவிட்டேன்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன்.

எங்கள் படகின் அமைப்பு இப்படி: முன்னால் சுக்கானும் உட்காரும் இடமும். நடுவில் இரண்டு படுக்கை அறைகள். கடைசியில் சமையலறை. முன்னாலிருந்து சமையலறை வரைக்கும் வலது பக்கம் மட்டும் ஒரு நடைபாதை. இரண்டாவது படுக்கை அறைக்கும் சமையலறைக்கும் நடுவில், தரைக்குக் கீழே எஞ்சின். அதற்கு மேல் ஆஞ்சிலி மரப் பலகையில் ஒரு மூடி. கூரை முழுக்க மூங்கில் பாயும் பனையோலையும். ஒரு பீடி போதும், மாதா கோயில் திருவிழா மாதிரி எரியும்.

அந்த மூடியில்தான் ஔதக்குட்டி ஒரு ஓட்டை போட்டான். ஒரு கோழிமுட்டை நுழைகிற அளவு. அதற்கு மரத்தில் ஒரு அடைப்பானும் செதுக்கி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். தீப்பிடித்தால் மூடியைத் திறக்காமல் அடைப்பானை மட்டும் பிடுங்கி, தீயணைப்பு உருளையின் குழாயை அதில் விட்டு அழுத்த வேண்டுமாம். அதற்காகச் சமையலறையில் ஒரு உருளை, முன்னால் ஒரு உருளை. அதோடு விட்டானா? டீசல் வரும் குழாயை மூடும் திருகில் ஒரு கயிற்றைக் கட்டி, சுக்கான் வரைக்கும் இழுத்துக் கொண்டுவந்து வைத்தான். முன்னால் உட்கார்ந்தபடியே இழுத்தால் டீசல் நின்றுவிடும்.

“இது என்ன, பூசை மணி அடிக்கிற கயிறா?” என்று நான் கேட்டேன்.

“அடிக்கிற நாள் வராம இருக்கட்டும்,” என்றான்.

முதலாளி ஓட்டையைப் பார்த்த அன்று பெரிய ரகளை. குரியச்சன் முதலாளிக்குக் குரல் உடம்பைவிடப் பெரியது.

“ஆஞ்சிலிப் பலகைடா! எங்கப்பன் காலத்து மரம்! படகுல ஓட்ட போட எவனாவது சம்பளம் வாங்குவானாடா?”

“தண்ணிக்கு மேல இருக்கிற பலகைதான் முதலாளி. படகு முழுகாது.”

“எனக்கே படகு பாடம் எடுக்குறியா? ஆணி அடிச்சு மூடு. இல்லேன்னா இந்த வாரத்துப் பயணத்தோட எறங்கிக்கோ. ஏலியாம்மா இருக்கட்டும், அவ மீன் வறுவலுக்குத்தான் ஆளுங்க வர்றாங்க.”

ஆணி அடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஔதக்குட்டி அடிக்கவில்லை. “எறங்கிக்கிறேன் முதலாளி,” என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஏலியாம்மா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். என்னிடம்தான் பொரிந்து தள்ளினாள்.

“ஒரு ஓட்டைக்காக வேலைய விடுற ஆம்பளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா விஜயப்பன் சேட்டா? நாளைக்கு நான் படகுல போறப்போ இவரு கரையில நின்னு கை ஆட்டுவாரா? போர்வை வாங்கிட்டு வந்தப்பவே நான் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்.”

மூன்று நாள் இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன். “உப்பு போதுமான்னு கேளுங்க அந்த மனுஷனை,” என்பாள். பத்தடி தூரத்தில் அந்த மனுஷன் “போதும்னு சொல்லு,” என்பான். நான் “போதுமாம்,” என்பேன்.

நான்காம் நாள், அதாவது ஔதக்குட்டியின் கடைசிப் பயணம். திருச்சூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அவரை எல்லோரும் மாஷ் என்றார்கள். அவர் மனைவி, இரண்டு மகள்கள், மருமகன்கள், கைக்குழந்தை ஒன்று, நடக்கிற பிள்ளை ஒன்று. மொத்தம் எட்டுப் பேர். ஏறினதும் ஔதக்குட்டி எல்லோரையும் மிதவைச் சட்டை போடச் சொன்னான். கடைசி நாள்கூட விடவில்லை.

“காயல் பாக்க வந்தோமா, சர்க்கஸுக்கு வந்தோமா?” என்றார் மாஷ்.

“போட்டுக்கிட்டே பாருங்க மாஷே. காயல் ஒண்ணும் கோவிச்சுக்காது.”

கொஞ்ச நேரம் போட்டிருந்தார்கள். பிறகு கழற்றி மெத்தை மாதிரி மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். எல்லா விருந்தாளிகளும் அப்படித்தான்.

மாலை நான்கு மணி. வேம்பநாட்டுக் காயலில் வடக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். கடல் பக்கத்திலிருந்து மேற்குக் காற்று வழக்கம்போல ஏறிவிட்டது. கிழக்கே கால் கிலோமீட்டரில் வயல் வரப்பும் தென்னைகளும். சமையலறையில் வாழைப்பழத் துண்டுகள் எண்ணெய்ச் சட்டியில் பழம்பொரியாக வெந்துகொண்டிருந்த வாசனை நடைபாதை வழியாக வந்தது. நான் முன்னால் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். ஔதக்குட்டி திடீரென்று மூக்கை உயர்த்தினான்.

“விஜயப்பா, இது பழம்பொரி வாசன இல்ல.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, நடைபாதையின் கடைசியில் தரைப்பலகைகளின் இடுக்கு வழியே கறுப்புப் புகை எழுந்தது. பின்னால் தெரிய வந்தது, எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் தொட்டிக்குத் திரும்பும் சின்னக் குழாயில் வெடிப்பு விட்டு, கொதிக்கிற புகைப்போக்கி மேல் டீசல் சொட்டியிருக்கிறது. காலையில் மோந்து பார்த்தபோது அந்த வெடிப்பு இல்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

எங்கள் குட்டநாட்டுக்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. வாசலில் தண்ணீர், கொல்லையில் தண்ணீர், காலடியில் தண்ணீர். தீ நம்மை என்ன செய்யும் என்ற நினைப்பு. நான் கயிற்றைப் போட்டுவிட்டு, வாளியைக் காயலில் முக்கி எடுத்து, நடைபாதையில் ஓடினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. புகைக்கு அந்தப் பக்கம், சமையலறை வாசலில் ஏலியாம்மா நின்றாள். நான் மூடியை நோக்கி வாளியை ஓங்கினதும் அவள் கையிலிருந்த சல்லிக்கரண்டியால் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டாள். வாளி காயலில் விழுந்தது.

“எண்ணெய்த் தீயில தண்ணியா? முன்னாடி ஓடுங்க! காத்து இந்தப் பக்கம் வருது!” என்று கத்தினாள்.

எஞ்சின் அறைக்குக் காற்று போக வைத்திருந்த வலது பக்கத்துக் காற்றுப்போக்கி வழியாக அப்போது முதல் தீநாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மேற்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு நேராக நடைபாதைமேல் போட்டது. நான் பின்வாங்கினேன். அடுத்த நொடி அவளுக்கும் எனக்கும் நடுவில் தீ. அவள் வருவதற்கு இருந்த ஒரே வழி அடைந்துவிட்டது. குதிக்கலாமே என்பீர்கள். அவள் மீனைவிட நன்றாக நீந்துவாள். ஆனால் சமையலறைக்குக் கீழே தண்ணீருக்குள் படகைத் தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அங்கே குதிப்பது தேங்காய் துருவியில் கை விடுவது போலத்தான்.

முன்னால் கூச்சல். மாஷ் ஔதக்குட்டியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

“கரைக்கு விடு! கரைக்கு விடுய்யா! அதோ தெரியுதே!”

நானும் சேர்ந்து கத்தினேன். “ஔதா, கிழக்க திருப்பு! கரையில முட்டு!”

துறையில் எந்த ஓட்டியைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பான். கரையில் மூக்கை முட்டிப் படகை நிறுத்துவதுதான் எங்களுக்குத் தினசரி வேலை. ஆனால் கிழக்கே திருப்பினால் மேற்குக் காற்று பின்னாலிருந்து அடிக்கும். தீ பின்னாலிருந்து முன்னால், அந்த எட்டுப் பேர் மேல் வரும். கரை வந்து சேருவதற்குள் கூரை முழுதும் பற்றிவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அவன் செய்ய வேண்டியது படகைத் தெற்கே பார்க்கத் திருப்புவது. அப்போது காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். தீ இடது பக்கமாகக் காயலைப் பார்த்துச் சாயும், நடைபாதை தப்பும். ஆனால் வடக்கிலிருந்து தெற்கே திரும்ப இரண்டே வழி. கிழக்கு வழியாகத் திரும்பினால் திரும்பும் நேரம் முழுக்கத் தீ முன்னால் இருப்பவர்கள் மேல். மேற்கு வழியாகத் திரும்பினால் அத்தனையும் பின்னால், சமையலறைமேல்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம். கைக்குழந்தை வீல் வீலென்று அலறிக்கொண்டிருந்தது. அவன் சுக்கானை மேற்கே திருப்பினான்.

“அந்தாளு கரைய விட்டுட்டுக் காயலுக்குள்ள போறான்! கொல்லப் போறான்!” என்று மருமகன்களில் ஒருவன் அலறினான்.

“சட்டைய மாட்டுங்க எல்லாரும்! முன்னாடியே உக்காருங்க, ஒருத்தரும் எழுந்திரிக்காதீங்க!” என்றான் ஔதக்குட்டி. பிறகு பின்னால் திரும்பி, நான் அவன் தொண்டையிலிருந்து ஒருநாளும் கேட்டிராத குரலில் கத்தினான். “ஏலீ! படு! தரையோட படு! ஏலீ!”

பதில் இல்லை. படகின் மூக்கு காற்றை எதிர்கொண்டதும் புகை மொத்தமும் சுருண்டு சமையலறைக்குள் போனது. அறையே தெரியவில்லை. படகு இன்னும் ஓட்டத்தில் இருக்கும்போதே அவன் கயிற்றை இழுத்தான். நான் கேலி செய்த அதே பூசை மணிக் கயிறு. எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. மிச்ச ஓட்டத்திலேயே படகு மெல்ல மெல்லத் தெற்கே திரும்பியது. நாற்பது எண்ணும் நேரம்தான் ஆகியிருக்கும். நான் எண்ணவில்லை. அவன் எண்ணினான், வாய்க்குள், ஜெபம் மாதிரி.

“கழிய ஊன்று விஜயப்பா! மூக்கு அசையக்கூடாது!”

அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம்தான். கழியை இறக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். காற்று இப்போது வலது பக்கத்தில் அடித்தது. புகை இடது பக்கமாகத் திரும்பித் தண்ணீர்மேல் படுத்தது. நடைபாதை தெளிந்தது. சமையலறை தெரிந்தது. ஏலியாம்மா தெரியவில்லை.

ஔதக்குட்டி சுக்கானை விட்டுவிட்டு, முன்னால் மாட்டியிருந்த இரண்டாவது தீயணைப்பு உருளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அப்போது ஒரு சத்தம் கேட்டது. புஸ்ஸென்று, நீளமாக. கூடவே ஒரு குரல். இருமலும் எரிச்சலுமாக, பாதிரியார் இழுக்கிற அதே இழுப்பில்.

“ஒண்ணூ... தொறக்காதே... சனியனே... ரெண்டூ...”

அவள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். முகத்தில் ஈரத் துண்டு. அடைப்பானைப் பிடுங்கி ஓட்டையில் குழாயை விட்டு, உருளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கத்துக் காற்றுப்போக்கியில் ஈரச் சாக்கு திணித்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது, எரிவாயு உருளை மூடியிருந்தது, பழம்பொரிச் சட்டிமேல் அந்த வளைகுடாப் போர்வை ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. முதல் உருளை தீர்ந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டினாள். ஔதக்குட்டி இரண்டாவது உருளையை அந்தக் கையில் கொடுத்தான். அது தீர்ந்ததும் அவளே அடைப்பானை அடித்து இறுக்கினாள். புகை கறுப்பிலிருந்து வெள்ளையாகி, நூலாகி, நின்றது.

“கூரைக்கு ஊத்துங்க இப்ப, உங்க தண்ணிய,” என்றாள் என்னைப் பார்த்து. கழியைப் படகோடு கட்டிவிட்டு, ஓலை கருகிய இடங்களில் வாளி வாளியாக ஊற்றினேன். என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்! உயிரோடு இருக்கிறோம் என்ற நினைப்பே கள் குடித்த மாதிரி தலைக்கேறியது. மாஷ் கைக்குழந்தையை வாங்கி முத்தமிட்டுக்கொண்டே இருந்தார். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் குழந்தை பிடுங்கிக் காயலில் போட்டது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

செய்தி கேட்டு முதலாளி விசைப்படகில் வந்து சேர்ந்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது. விருந்தாளிகளை வேறு படகுக்கு மாற்றிவிட்டோம். அவர் நேராகப் பின்னால் ஓடினார்.

“என் எஞ்சின்! எஞ்சின் என்னாச்சு? மூடியத் தூக்குடா!”

அவர் குனிந்து மூடியில் கை வைக்கப் போனார். ஏலியாம்மா சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கக் கரி. கையில் அதே சல்லிக்கரண்டி.

“தொட்டீங்க, கரண்டியால போடுவேன் முதலாளி. விஜயப்பன் சேட்டனக் கேளுங்க, எப்படி வலிக்கும்னு.”

நான் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“தீ அணைஞ்சுதான் போச்சே!”

“உள்ள சூடு இருக்கு. இப்பத் தொறந்தா காத்து போகும், மறுபடி புடிக்கும். முதல்ல உங்க மீசைதான் போகும்.” அவள் புறங்கையை மூடிமேல் வைத்துப் பார்த்தாள், தோசைக்கல் சூடு பார்ப்பது போல. “இன்னும் ஆறல. படக மெல்ல இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. துறையில போய் நாளைக்குத் தொறக்கலாம்.”

குரியச்சன் முதலாளி நீட்டிய கையை இழுத்து மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது அவருடைய மூன்று படகுகளிலும் மூடியில் ஓட்டை இருக்கிறது. எல்லாம் ஔதக்குட்டி கையால் போட்டது. பார்க்க வருகிறவர்களிடம் “நம்ம யோசனைதான், சின்ன விஷயம்,” என்று முதலாளி சொல்லிக்கொள்கிறார். ஔதக்குட்டி மறுத்துப் பேசுவதில்லை. ஓட்டை இருந்தால் போதும் அவனுக்கு.

ஆனால் அன்று மாலை அவன் அப்படி இல்லை. துறையில் கூட்டம். சமையல்காரப் பெண்கள் ஏலியாம்மாவைச் சூழ்ந்துகொண்டு, நடந்ததைச் செய்து காட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவளும் துண்டைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தார்கள். ஔதக்குட்டி மட்டும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போன முதுகு கூனியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னடா ஔதா? ஊரே உன்னக் கொண்டாடுது.”

“தீய அவ பக்கம் விட்டேன்டா,” என்றான். “தெரிஞ்சே அவ பக்கம் விட்டேன். இனிமே எந்த முகத்தோட அவ கையால சோறு வாங்கித் தின்னுவேன்?”

பின்னால் ஏலியாம்மா வந்து நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவள் கையில் பழம்பொரித் தட்டு. போர்வைக்குக் கீழே தப்பித்தவை.

“அதுக்குத்தான் இந்த மூஞ்சியா?” என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவனோடு நேராகப் பேசிய முதல் பேச்சு. “நீங்க திருப்புறதுக்கு முன்னாடியே நான் தரையில படுத்துட்டேன் இச்சாயா.”

கணவனை அவள் வழக்கமாகக் கூப்பிடும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“முன்னாடி எட்டுப் பேரு, கைக்குழந்த வேற. நீங்க எந்தப் பக்கம் திருப்புவீங்கன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா தெனம் உங்க வேஷம் கட்டுறேன். துண்ட நனைச்சேன், சாக்கத் திணிச்சேன், படுத்தேன். அப்புறம்தான் படகு திரும்பிச்சு. நீங்க ‘படு படு’ன்னு கத்துனது, நான் படுத்து முடிச்சப்புறம்.”

ஔதக்குட்டி தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததே குறைவு. சிரிக்கும்போது அந்த நீள மூக்கு இன்னும் நீளமாகி, கண்ணில் தண்ணீர் வந்து மூக்கு வழியாக இறங்கியது. ஏலியாம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழம்பொரியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“தின்னுங்க. ஆறிப் போச்சு,” என்றாள்.